பச்சை ஆப்பிள் வாசனை

நவம்பர் 4

நாக்குக்காரருக்கு,

போனில் பேசினால் இரண்டு நிமிடத்துக்குள் சண்டை வந்துவிடுகிறது, இனி எழுதிக்கொள்ளலாம் என்று சொன்னீர்கள். சரி, எழுதுகிறேன். எழுத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது, எனக்கு அந்த ஒரு வசதி போதும்.

அறை பரவாயில்லை. பீர் ஆலையின் மாடியிலேயே கொடுத்திருக்கிறார்கள். கீழே முளைகட்டிய பார்லி மால்ட் வேகிற நாட்களில் தலையணை வரைக்கும் சுட்ட ரொட்டி மணம் ஏறிவிடுகிறது. சன்னலைத் திறந்தால் பீப்பாய் ஏற்றும் முற்றம். ஏற்றுகிற ஆட்கள் காலையில் வந்ததும் முதலில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள், அது முடிந்த பிறகுதான் வேலை தொடங்கும். நம் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

கறுப்பு லாகர் தொட்டிக்குள் போய்விட்டது. இந்த ஒன்றுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்! ஜெர்மன்காரர்கள் செய்கிற மாதிரி கனமாக, கறுப்பாக, குளிர் அறையில் மாதக்கணக்கில் சும்மா கிடந்து பழக வேண்டிய பீர். நம் ஊரில் இதற்கு ஒரு தொட்டி கேட்டு எத்தனை வாசல் ஏறி இறங்கினேன் என்று உங்களுக்கே தெரியும். "அவ்ளோ நாள் ஒரு தொட்டிய அடைச்சு வெக்க முடியாதும்மா" என்று எல்லோரும் ஒரே பல்லவி. இங்கே முதலாளியம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பொறுமை இருக்கா?" இருக்கிறது என்று கூசாமல் சொல்லிவிட்டேன்.

பீர் தயாரானதும் ஒரு நல்ல நாக்கு அதைக் குடித்துப் பார்த்து, விற்கலாம் என்று எழுதித் தர வேண்டும். அந்த எழுத்து வந்துவிட்டால் நான் மூட்டை கட்டலாம், வராவிட்டால் சரியாகும்வரை இங்கேயேதான். அந்த நாக்கு உங்களுடையதாக இருக்க வேண்டுமாம். "அவர் என் வீட்டுக்காரராச்சே" என்றேன். "இருக்கட்டுமே. பெத்த அம்மா சமையலுக்கே மார்க் கொறைச்ச ஆளுன்னு கேள்விப்பட்டேன். அந்த மாதிரி ஆளு யாருக்கும் பொய் சொல்ல மாட்டாரு" என்கிறார். உங்கள் புகழ் இவ்வளவு தூரம் பரவியிருக்கிறது. உங்கள் வாயிலிருந்து வருகிற ஆகப் பெரிய பாராட்டே 'குற்றமில்லை' என்பதுதான் என்று நானும் சொன்னேன். என்னை முதலில் பார்த்துவிட்டு வந்தபோது உங்கள் அக்கா "பொண்ணு எப்படிடா?" என்று கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதிலும் அதுதானே. முதலாளியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஒன்று மட்டும் மனதில் கிடந்து உறுத்துகிறது, எழுதிவிடுகிறேன். நான் கிளம்பிய அன்று அப்பா கால் கட்டோடு கட்டிலில் படுத்தபடியே தன் பழைய கண்டக்டர் விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார். ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு என்றால் கிளம்பலாம். சிரித்துக்கொண்டே ஊதினார், ஆனால் கண் நிறைந்திருந்தது. நீங்கள் என் பையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று "ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டீர்கள். அவ்வளவுதான். போகாதே என்று நீங்கள் சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பேன். ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

உங்கள்,
சூறாவளி


நவம்பர் 13

அன்புள்ள சூறாவளிக்கு,

முதலில் ஒரு திருத்தம். நான் கேட்டது ஸ்வெட்டர் அல்ல, மஃப்ளர். ஸ்வெட்டரை நானே பைக்குள் வைத்திருந்தேன்.

மாமா நலம். எலும்பு நன்றாகக் கூடுகிறது என்று டாக்டர் சொல்கிறார். கால்தான் கட்டுப்போட்டுக் கிடக்கிறது, வாய் ஒரு நிமிடம் ஓய்வதில்லை. விசில் இப்போது தலையணைக்கு அடியிலேயே குடியிருக்கிறது. தண்ணீர் வேண்டுமென்றால் விசில், விளக்கை அணைக்க வேண்டுமென்றால் விசில். "கூப்பிடுங்க மாமா, வந்துடறேன்" என்றால், "முப்பது வருஷம் ஒரு பஸ்ஸையே விசில்ல நிறுத்தினவன் மாப்ள நான், உன்னை நிறுத்தறதா கஷ்டம்?" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுப் போனார். இவரை இப்படி விட்டுவிட்டு நான் அங்கே வர வழியில்லை என்பது உனக்கே தெரியும்.

பீர் விஷயம். மனைவி செய்ததைக் கணவன் மதிப்பிடுவது முறையல்ல என்று பீர் ருசி பார்த்துச் சான்று தருகிற எங்கள் கூடத்துத் தலைவரிடம் சொன்னேன். அவரும் உன் முதலாளியம்மா மாதிரியே சிரித்துவிட்டு, "நீங்களா சலுகை காட்டப் போறீங்க?" என்று அனுப்பிவிட்டார். எனவே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஜாதி லாகர் பிப்ரவரி பாதி வரையாவது குளிரில் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் எடுக்காதே. உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ மாமாவுக்குப் போன் செய்யும்போது அவர் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். காது கேட்கவில்லையாம். நன்றாகவே கேட்கிறது. நான் சமையலறையில் நின்றுகொண்டு குழாயை நிறுத்திவிடுவேன். போன வாரம் நீ எதற்கோ சிரித்தாய். அதற்குப் பிறகு வெகுநேரம் குழாயைத் திறக்கவே தோன்றவில்லை.

வீட்டில் எல்லாம் அததன் இடத்தில் இருக்கிறது. நீ இல்லை. இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

உன்


டிசம்பர் 5

நாக்குக்காரருக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டி வரும். பிரிக்கும்போது கவனம், உள்ளே இரண்டு பாட்டில். கறுப்பு லாகர்தான்.

இப்போதே எப்படி என்று புருவத்தைத் தூக்குவீர்கள். தூக்காதீர்கள். இங்கே ஈஸ்ட் நல்ல சுறுசுறுப்பு, தொட்டி புதிது, தண்ணீரும் வாகாக அமைந்துவிட்டது. எல்லாப் பீரும் உங்கள் பிப்ரவரிக்காகக் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முதலாளியம்மாவிடமும் தயார் என்று சொல்லியாயிற்று. அவர் லேபிளுக்குப் படம் போடச் சொல்லிவிட்டார். ஒரு மலை ஆடு, சுருண்ட கொம்போடு. பார்த்தால் உங்கள் அக்கா மாதிரியே இருக்கிறது, அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

தினமும் காலையில் தொட்டியிலிருந்து ஒரு வாய் எடுத்துப் பார்க்கிறேன். எடுத்ததும் இடது பக்கம் திரும்பி, "இது என்ன வாசனை?" என்று கேட்க வாயைத் திறந்துவிடுகிறேன். அந்தப் பக்கம் ஒரு சுவரும் தீயணைக்கும் வாளியும்தான் இருக்கின்றன. நேற்று வாளியிடமே கேட்டேன். தரை துடைக்கிற அக்கா பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போய்ட்டு வாம்மா" என்றாள்.

பை பாதி கட்டியாகிவிட்டது. சீக்கிரம் குடித்துப் பார்த்து முதலாளியம்மாவுக்கு எழுதுங்கள். சீக்கிரம் என்றால் சீக்கிரம்.

உங்கள்,
சூறாவளி


டிசம்பர் 13

அன்புள்ள சூறாவளிக்கு,

பெட்டி வந்தது. ஒரு பாட்டிலைத் திறந்து ருசி பார்த்தேன். அற்புதம். செழுமையான மணம், பட்டுப்போன்ற மென்மை, நெஞ்சில் நிற்கும் இனிமை. மெய்மறந்தேன். விற்பனைக்கு அனுப்பலாம் என்று உன் முதலாளியம்மாவுக்கு இன்றே எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன்.

எனவே நீ கிளம்பலாம். உன் துணி அலமாரியின் கீழ்த்தட்டைத் துடைத்து வைத்திருக்கிறேன். குளியலறைக் கதவின் கீலையும் சரிசெய்துவிட்டேன், இனி அது முனகாது. மாமாவிடம் சொன்னதும் கட்டை ஊன்றிக்கொண்டு வாசல் வரை நடந்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

எந்த வண்டி என்று எழுது. நான் வந்து நிற்கிறேன்.

உன்


டிசம்பர் 19

அற்புதமா?

நீ எழுதியதா அது? கையெழுத்து உன்னுடையதுதான், நாலு தரம் பார்த்துவிட்டேன். முதலாளியம்மா எல்லோரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டு உன் கடிதத்தை உரக்கப் படித்தார். 'மெய்மறந்தேன்' என்ற இடத்தில் பீப்பாய் ஏற்றுகிறவர்கள் கைதட்டினார்கள். எனக்குக் காது சுட்டது. உன் அகராதியில் அந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருந்தது? நம் கல்யாணப் போட்டோவைப் பார்த்தே "வெளிச்சம் கொஞ்சம் அதிகம்" என்று சொன்ன ஆள் நீ.

நானும் குடித்துப் பார்த்தேன். எனக்கு மூக்கு இல்லையா, நாக்கு இல்லையா? அந்தப் பீர் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைக் குடித்துவிட்டு ஒருவன் மெய்மறந்தான் என்றால், அவனுக்கு ஜலதோஷமாக இருக்க வேண்டும், இல்லை பொய் சொல்கிறான்.

ஊரில் எல்லாப் புருஷனும் பொய் சொல்வான். "நல்லாருக்கும்மா" என்று தட்டைப் பார்க்காமலே சொல்வான். எனக்கு மட்டும் அப்படிச் சொல்லாத ஒருத்தன் கிடைத்தான் என்று இறுமாப்பாக இருந்தேன். நீ 'உப்பு' என்றால் உப்புதான். நீ 'குற்றமில்லை' என்றால் அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் நிற்காது. இனிமேல் நீ சொன்னால் நான் எதை நம்புவது?

பை முழுசாகக் கட்டி, கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பஸ் தினமும் இருக்கிறது. ஏறினால் வீடு. இரண்டு நாளாகப் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஏற முடியவில்லை. அந்தப் பீரை வெளியே அனுப்பிவிட்டு, அந்தச் சொல்லையும் தலையில் வைத்துக்கொண்டு உன் பக்கத்தில் வந்து நான் எப்படிப் படுப்பேன்?

இன்னொரு பாட்டில் உன்னிடம் இருக்கிறது. அதைத் திற. உள்ளதை உள்ளபடி எழுது. நானே போய் முதலாளியம்மாவிடம் சொல்லிவிட எனக்கு வாயில்லாமல் இல்லை. ஆனால் நான் சொன்னால் பீர் மட்டும்தான் சரியாகும். எனக்கு என் நாக்குக்காரர் திரும்ப வேண்டும். லேபிள் அச்சுக்குப் போவதற்குள் கடிதம் வரவேண்டும்.

கோபத்தில் 'நீ' போட்டுவிட்டேன். அப்படியே இருக்கட்டும்.


டிசம்பர் 27

சூறாவளிக்கு,

இன்று காலை மீதி பாட்டிலைத் திறந்தேன். காபி குடிக்கவில்லை, பல் துலக்கிய வாசனை போகும்வரை காத்திருந்தேன். மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டுக்கொண்டேன், சாட்சி வேண்டும் என்று அவர் ஒரே பிடிவாதம்.

நிறம். கண்ணுக்குக் கறுப்பு, சன்னல் வெளிச்சத்தில் தூக்கினால் விளிம்பில் சிவப்பு. சரியாக இருக்கிறது. நல்ல செய்தி இதோடு முடிந்தது.

நுரை. எழுந்தது, எட்டிப் பார்த்தது, போய்விட்டது. இந்தக் கனத்துக்கு அது கொஞ்ச நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

மணம். தம்ளரை மூக்கருகே கொண்டுவந்ததும் ரொட்டியின் மேலோடும் உலர்ந்த அத்திப்பழமும் வந்திருக்க வேண்டும். வந்தது பச்சை ஆப்பிள். அப்போதுதான் வெட்டியது, தோலோடு. அதற்குப் பின்னால் உருகிய வெண்ணெய். ஈஸ்ட் தன் வேலையை முடிப்பதற்குள் பீரிலிருந்து அதைப் பிரித்திருக்கிறாய். போட்ட குப்பையைத் தானே கூட்டி அள்ளவும் அதற்கு நேரம் கொடுக்கவில்லை.

வாய். முதலில் ஒரு வறுத்த இனிப்பு வருகிறது, உன் கை தெரிகிறது, இதோ வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். வரவில்லை. நடுவில் ஒல்லியாகிவிடுகிறது. பிறகு தொண்டையில் சாராயச் சூடு, காட்டமாக. தொட்டியின் சூட்டை ஏற்றி ஈஸ்டை விரட்டினால் வருகிற சூடு அது. கடைசியில் நாக்கில் நிற்பது ஒன்றுமில்லை.

ஏமாற்றம். இதைவிட மெல்லிய சொல் என்னிடம் இல்லை. விற்கக்கூடாது.

முதல் பாட்டிலின் முதல் வாயிலேயே இது அத்தனையும் எனக்குத் தெரிந்தது. உண்மையை எழுதினால் நீ அங்கேயே இருப்பாய், நல்லதாக ஒன்றை எழுதினால் அடுத்த வாரம் வீட்டில் இருப்பாய். பேனா அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. பொய்யில் பழக்கமில்லாததால் எவ்வளவு போடுவது என்று தெரியாமல் அள்ளிப் போட்டுவிட்டேன்.

மறுபடி அந்த மணத்துக்கு வருகிறேன். பச்சை ஆப்பிள், வெண்ணெய், ஒல்லி, சூடு என்று எழுதிவிட்டுப் பார்த்தால், இவை நாலு குற்றம் இல்லை, ஒன்றுதான். அவசரம். நீ பால் பொங்கும்வரை அடுப்பருகில் நிற்க மாட்டாய். ஆனால் தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு நாள் கணக்கில் உட்காருவாய். எத்தனையோ பீரில் உன் கையைப் பார்த்திருக்கிறேன், அவசரத்தை ஒன்றிலும் பார்த்ததில்லை. இதில் மட்டும் எதற்காகச் சூட்டை ஏற்றினாய், எதற்காகக் குளிரிலிருந்து முன்பே எடுத்தாய் என்று கேள்வியாக எழுத ஆரம்பித்தேன். பாதி எழுதும்போதே பதில் தெரிந்துவிட்டது.

பேனாவை வைத்துவிட்டேன். பிடிக்காத பீரின் மிச்சத்தைச் சிங்கில் ஊற்றிவிடுகிறவன் நான், நீயே எத்தனை முறை திட்டியிருக்கிறாய். இதை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். மோசமான பீர்தான். ஆனால் என்னிடம் வருவதற்காக யாரும் இதுவரை எதையும் கெடுத்துக்கொண்டதில்லை.

"என்ன மாப்ள, கண்ணு கலங்குது? அவ்ளோ கேவலமாவா இருக்கு?" என்றார் மாமா.

"ஆமா மாமா."

"குடு, பாப்போம்." தம்ளரின் அடியில் ஒட்டியிருந்ததை நக்கிப் பார்த்தார். சப்புக்கொட்டினார். "ஸ்டாப்பிங் வர்றதுக்கு முன்னாடியே எறங்கிட்டா எம் பொண்ணு" என்றார்.

எங்கள் கூடத்தில் இத்தனை வருடத்தில் இதைவிடச் சரியான மதிப்பீட்டை நான் கேட்டதில்லை.

உன் முதலாளியம்மாவுக்கும் இதே தபாலில் எழுதியிருக்கிறேன். முன்பு எழுதியது பொய், இதுதான் உண்மை, தவறு முழுக்க என்னுடையது என்று. இதைப் போட்டால் நீ வருவது தள்ளிப்போகும். தெரிந்துதான் போடுகிறேன். தபால் பெட்டியின் வாயில் கடிதத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன் என்று இப்போதே தெரிகிறது.

நீ வேண்டும் எனக்கு. பீர் எப்படி இருந்தாலும்.

உன்,
நாக்குக்காரன்


ஜனவரி 6

என் நாக்குக்காரனுக்கு,

பெற்றுக்கொண்டேன். இங்கே குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். அந்த அறையில் அழுதால் கன்னம் விறைத்துப்போகிறது என்பதை இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஆமாம். சூட்டை நான்தான் ஏற்றினேன். ஒருநாள் கொஞ்சம் ஏற்றினேன், ஈஸ்ட் வேகம் பிடித்தது. இந்த வேகத்தில் போனால் டிசம்பரிலேயே வீடு என்று கணக்குப் போட்டேன். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். உன் கடிதத்தில் குழாயை நிறுத்தினேன் என்று எழுதியிருந்தாயே, அது வந்த அன்றுதான் தொட்டியைக் காலி செய்யச் சொன்னேன். இனிமேல் கறுப்பு லாகர் குளிரில் இருக்கும்போது எனக்கு அப்படியெல்லாம் எழுதாதே.

முதலாளியம்மாவுக்கு உன் இரண்டாவது கடிதம் எனக்கு இது வருவதற்கு முந்திய நாளே வந்திருக்கிறது. என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்து, இரண்டு கடிதத்தையும் மேசைமேல் போட்டு, கண்ணாடியைக் கழற்றினார். நான் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கேட்டுவிட்டுக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். கடைசியில், "நீ பீரைக் கெடுத்த, அந்த ஆளு நாக்கக் கெடுத்தாரு. ரெண்டு பேரும் சேந்து என் தொட்டியிலயா குடித்தனம் பண்றீங்க?" என்றார். வேலையை விட்டு அனுப்பப்போகிறார் என்று எழுந்து நின்றேன். "எங்க போற? உக்காரு. எப்படிச் சரி பண்ணுவ, சொல்லு" என்றார்.

வழி இருக்கிறது. பாட்டிலில் போனது உனக்கு வந்தவை மட்டும்தான், மிச்சம் முழுக்க வேறு தொட்டியில் பத்திரமாக இருக்கிறது. நுரைத்துக்கொண்டிருக்கும் புதுப் பீர் கொஞ்சம் அதில் சேர்த்தால், அந்த இளம் ஈஸ்ட் போய்ப் பச்சை ஆப்பிளையும் வெண்ணெயையும் தின்று தீர்த்துவிடும். தொண்டைச் சூடு குளிரில் கிடக்கக் கிடக்கக் கொஞ்சம் அடங்கும். நடுவில் ஒல்லியாக இருக்கிறதே, அது மட்டும் போகாது. அவசரத்தின் தழும்பு ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும்.

சேர்த்துவிட்டேன். குளிர் அறைச் சாவியை நானே முதலாளியம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மார்ச்சுக்கு முன்னால் கேட்டாலும் தராதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். பையைப் பிரித்துத் துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினேன். ஸ்வெட்டருக்குள்ளிருந்து உன் மஃப்ளர் விழுந்தது. அதையும் நீதான் வைத்தாயா? வைத்துவிட்டு எதற்கு எடுத்துக்கிட்டியா என்று கேட்டாய்?

உன்,
சூறாவளி


பிப்ரவரி 9

என் சூறாவளிக்கு,

மஃப்ளரை வைத்தது நான்தான். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஏதாவது கேட்டால் நீ இன்னும் ஒரு நிமிடம் நின்று பதில் சொல்வாய் என்று கேட்டேன்.

கூடத்தில் கொஞ்ச நாளைக்கு என்னை ருசி பார்க்க விடுவதில்லை. மற்றவர்களுக்குத் தம்ளர் அடுக்கித் தருகிறேன். நியாயம்தான், வருத்தமில்லை. தலைவர் மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "மெய்மறந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அந்தச் சொல் இப்போது கூடம் முழுக்கப் பரவிவிட்டது. பால் திரிந்தால்கூட மெய்மறந்தேன் என்கிறார்கள்.

மாமா கட்டை இல்லாமலே தெருமுனை வரை போய்வருகிறார். பஸ் நிற்கும் இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறார், வருகிற வண்டியை எல்லாம் பார்க்கிறார். "யாரப் பாக்கறீங்க மாமா?" என்றால் "சும்மா, கண்டக்டருங்க எல்லாம் ஒழுங்கா வேலை பாக்கறானுங்களான்னு" என்கிறார். சில மாலைகளில் நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

காலி பாட்டில் சமையலறைச் சன்னலில் இருக்கிறது. கழுவவில்லை. எப்போதாவது திறந்து முகர்ந்தால் இன்னும் லேசாகப் பச்சை ஆப்பிள். என் வேலையில் அது குற்றம். என் வீட்டில் அது நீ வரப் பார்த்த வாசனை. பொறுத்துக்கொண்டிருக்கிறேன், சுலபமாக இல்லை.

குளிருக்குள் இருக்கும்போது இப்படியெல்லாம் எழுதாதே என்றாய். சாவிதான் உன்னிடம் இல்லையே, அதனால் எழுதிவிட்டேன்.

உன்


மார்ச் 11

என் நாக்குக்காரனுக்கு,

திறந்துவிட்டோம். இந்த முறை வேறொரு ஊர்க்காரரை வரவழைத்துக் குடித்துப் பார்க்கச் சொன்னார் முதலாளியம்மா. உன்னைக் கேட்டால் மறுபடி மெய்மறந்துவிடுவாயாம். வந்தவர் தடித்த மீசைக்காரர், மீசையில் நுரை ஒட்டியது, துடைப்பதற்குள் அது போகவில்லை. அதைப் பார்த்தபோதே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. "நல்ல பீர், ஆகச் சிறந்ததுன்னு சொல்ல மாட்டேன், விக்கலாம்" என்றார். அதுவே போதும். மலை ஆடு லேபிளோடு நாளைக்கு முதல் வண்டி போகிறது.

உனக்குப் பாட்டில் அனுப்பப்போவதில்லை. நானே எடுத்து வருகிறேன். சனிக்கிழமை சாயங்கால பஸ். மூன்று தம்ளர் கழுவி வை, அப்பாவுக்கும் சேர்த்து. சோப்புப் போட்டுக் கழுவாதே, நுரை செத்துவிடும். உனக்குச் சொல்கிறேன் பார்.

இன்னொன்று. நேரில் உன் முகத்தைப் பார்த்தால் சொல்ல வாய் வராது, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். அடுத்த குளிருக்கும் இந்தக் கறுப்பு லாகரை நான்தான் செய்ய வேண்டும் என்கிறார் முதலாளியம்மா, இந்த முறை ஒழுங்காக. எனக்கும் ஆசையாக இருக்கிறது. அந்த ஒல்லியைச் சரிசெய்யாமல் செத்தால் எனக்கு நிம்மதி இருக்காது. வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். நீ என்ன சொல்வாய் என்று தெரியவில்லை. இந்தத் தடவையாவது எதையாவது சொல். ஸ்வெட்டர், மஃப்ளர் தவிர.

உன்,
சூறாவளி


மார்ச் 15

என் சூறாவளிக்கு,

இது நீ கிளம்புவதற்கு முன்னால் வந்து சேர்ந்தால் பஸ்ஸில் படி. சேராவிட்டால் நேரில் படித்துக் காட்டுகிறேன்.

தம்ளர்களை வெறும் வெந்நீரில் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். சொல்ல வேண்டியதை மாமாவிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன், வாய் பழகட்டும் என்று. "போகாதன்னு சொல்லலாம்னு இருக்கேன் மாமா" என்றேன்.

"சொல்லு. சொன்னாலும் அவ போவா."

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் நானும் போறேன்னு சொல்லணும்."

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். அங்கே ருசி பார்க்கிற வேலை கிடைக்குமா என்று நான் ஏற்கெனவே உன் முதலாளியம்மாவுக்கு எழுதிக் கேட்டதையும் சொன்னேன். கிடைக்காவிட்டால் பீப்பாய் ஏற்றுகிறேன், காலையில் திட்டு வாங்க எனக்குப் பழக்கம் உண்டு. "அப்ப நான் யாருக்கு விசில் ஊதறது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்கச் சொன்னார்.

எனவே சொல்கிறேன். போகாதே. போவதானால் எங்களோடு போ.

சனிக்கிழமை மாமாவும் நானும் அந்தப் பெஞ்சில் இருப்போம். உன் பஸ் திரும்பும்போது ஒரு விசில் ஊதுவாராம், வண்டி நிற்பதற்கு. டிரைவர் என்ன நினைத்தாலும் பரவாயில்லையாம். கிளம்புவதற்கான இரண்டு விசில், அடுத்த குளிருக்கு மூன்று பேரும் ஏறி உட்கார்ந்த பிறகுதான் என்கிறார்.

உன்